வாசல் புள்ளியிலிருந்து மொட்டை மாடி வரை

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம். மனை அளப்பது, டைல்ஸ் போடுவது, வெயிலைத் தடுப்பது, செடி நடுவது என்று வீட்டுக்கு உதவும் வடிவக் கணக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். இந்த உரையில் அளவுகள் நிறைய வரும். பக்கத்தில் ஒரு பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டால் நல்லது.

உங்கள் மனைப் பத்திரத்தில் சொத்து விவரம் எழுதியிருக்கும் பக்கத்தைப் பாருங்கள். கிழமேல் வடபுறம் 30 அடி, தென்புறம் 30 அடி, தென்வடல் கீழ்புறம் 20, மேல்புறம் 20 என்று நான்கு அளவுகள் இருக்கும். நான்கு பக்கமும் தெரிந்தால் மனையின் உருவமும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறோம். தெரியாது. நான்கு குச்சிகளை முனையில் ஆணி அடித்துச் சட்டமாக்கி, ஒரு மூலையைப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். சட்டம் சாயும். பக்கங்களின் நீளம் மாறாது, உள்ளே அடங்கும் இடம் மட்டும் குறைந்துகொண்டே போகும். மூன்று குச்சிச் சட்டத்தை இப்படிச் சாய்க்க முடியாது. அதனால் நான்கு பக்கத்தோடு ஒரு மூலைவிட்டத்தையும் அளந்தால்தான் மனை எப்படி இருக்கிறது என்று தெரியும். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டையும் பெருக்கிப் பரப்பு சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு. மனை சரியான செவ்வகமாக இருந்தால் ஒழிய, அது எப்போதும் உள்ளதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும்.

வடசென்னையில் இது முக்கியம். மண்ணடி, பெத்துநாயக்கன்பேட்டைப் பக்கம் தெருக்கள் ஏறக்குறைய கட்டம் கட்டமாகப் போகின்றன. ராயபுரம், காசிமேடு என்று கடலோரமாகப் போனால் தெரு கரையோடு சாய்கிறது. 1856இல் ராயபுரத்திலிருந்து தொடங்கிய ரயில் பாதையும், பிறகு வந்த பாதைகளும் நிலத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகின்றன. தண்டவாளத்தை ஒட்டிய கால் கிரவுண்டு (600 சதுர அடி), அரை கிரவுண்டு மனைகளில் பின்மூலை சாய்ந்து கிடப்பது சாதாரணம்.

20க்கு 30 அடி மனையில் எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்து, இரண்டு மூலைவிட்டமும் 36 அடியும் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவும் வந்தால் அது நேர் செவ்வகம். மூலைவிட்டம் இரண்டும் சமம் என்பது மட்டும் போதாது. முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகலாகவும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் சாய்ந்த மனையிலும் அவை சமமாகவே வரும்.

அடுத்தது மூலை. மூன்று, நாலு, ஐந்து என்ற கணக்கு எல்லா மேஸ்திரிக்கும் தெரியும். ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வந்தால் மூலை நேர். கணக்கில் தவறே இல்லை, ஆனால் 3 அடி, 4 அடி என்ற அளவு சிறியது. குறுக்கே கால் அங்குலம் பிசகினால், அந்தக் கோட்டை 30 அடிக்கு நீட்டும்போது சுவர் 3 அங்குலம் விலகிப் போகும். அதே கணக்கை மூன்று மடங்காக்கி 9, 12, 15 அடியில் பிடியுங்கள். அதே கால் அங்குலப் பிசகு இப்போது ஓர் அங்குலத்தோடு நின்றுவிடும். நைலான் நூல் இழுக்க இழுக்க நீளும் என்பதால் நூலில் முடிச்சுப் போட்டு அளக்க வேண்டாம். நூலைக் கோட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அளவை இரும்பு டேப்பில் எடுங்கள். டேப் நடுவில் தொய்யக் கூடாது.

இப்போது வீட்டுக்குள் வருவோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, 600 மில்லிமீட்டர் சதுர டைல்ஸ். "ரெண்டடி டைல்ஸ், அஞ்சு போட்டா பத்தடி" என்று சொல்வார்கள். 600 மில்லிமீட்டர் என்பது இரண்டடி இல்லை, அதற்கு ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் குறைவு. பத்தடி என்பது 3048 மில்லிமீட்டர். ஐந்து டைல்ஸும் நடுவில் 2 மில்லிமீட்டர் இடைவெளி நான்கும் சேர்ந்தால் 3008. ஒரு சுவரிலிருந்து ஆரம்பித்தால் எதிர்ச் சுவர் ஓரத்தில் 40 மில்லிமீட்டருக்கு, அதாவது ஒன்றரை அங்குலத்துக்கு, ஒரு பட்டி மிஞ்சும். அந்த அகலத்தில் வெட்டும்போது டைல்ஸ் உடையும். ஒட்டினாலும் அடியில் கலவை சரியாகப் பிடிக்காமல் சில மாதத்தில் டொக் டொக் என்று சத்தம் கேட்கும்.

தீர்வு எளிது. அறையின் நடுக்கோட்டை நூல் கட்டிக் குறியுங்கள். நடுக்கோட்டின் மேல் டைல்ஸின் இணைப்பு வரும்படி முழு டைல்ஸ் நான்கு வையுங்கள். இரண்டு ஓரத்திலும் பன்னிரண்டரை அங்குலத் துண்டு சமமாக வரும். ஒரு டைல்ஸ் கூடுதலாக வெட்டுப்படும், ஆனால் அறை பார்க்க ஒழுங்காக இருக்கும். அறை நேர் மூலையாக இல்லை என்றால், வாசல்படியில் நிற்பவர் கண்ணுக்கு நேரே தெரியும் சுவருக்கு இணையாகக் கோட்டைப் பிடித்துவிட்டு, சாய்வை பீரோ, கட்டில் நிற்கும் ஓரத்துக்குத் தள்ளுங்கள். டைல்ஸை மூலைவாக்கில், 45 பாகையில் போட்டாலும் சாய்வு மறையும். அப்படிப் போடுவதாக இருந்தால் வெட்டுச் சேதத்துக்கு வழக்கமான 10 சதவீதத்துக்குப் பதில் 15 சதவீதம் கூட்டி வாங்க வேண்டும். அறுகோண ஓடு இப்போது பலருக்கும் பிடித்திருக்கிறது. ஒரே அளவில், ஒரே வடிவில், இடைவெளி விடாமல் தரையை நிரப்பக்கூடிய ஒழுங்கு வடிவங்கள் மூன்றுதான்: சமபக்க முக்கோணம், சதுரம், அறுகோணம். ஆனால் அறுகோணத்துக்கு நாலு ஓரமும் வெட்டு. பத்தடி அறைக்கு அது வேண்டாம் என்பேன். நீளமான வராந்தாவிலோ கார் நிற்கும் இடத்திலோ அது அழகு.

வெயிலுக்கும் கணக்கு உண்டு. சென்னை ஏறக்குறைய 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே. இடைப்பட்ட மே, ஜூன், ஜூலையில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து விழுகிறது. தெற்கு ஜன்னலுக்கு மட்டும் சன்ஷேடு போட்டு வடக்கை விட்டுவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நல்ல வேளையாக அந்த வெயில் மிக உயரத்திலிருந்து வருவதால் வடக்கில் ஓரடி சன்ஷேடே போதும். டிசம்பரில் தெற்கிலிருந்து வரும் வெயில் தாழ்வானது. 3 அடிக் கைப்பிடிச் சுவரின் நிழல் அப்போது நண்பகலில் மாடிக்குள்ளே 2 அடி 2½ அங்குலம் வரை விழும். தெற்குச் சுவரை ஒட்டி வைத்த தொட்டி மார்கழியில் வளராமல் நிற்பதற்கு இதுதான் காரணம், உரக் குறைவு அல்ல.

சிக்கலான திசை மேற்கு. மாலை நாலரை மணி வெயில் 30 பாகைக்கும் கீழே இறங்கிவிடும். அதை மேலிருந்து மறைக்க 4 அடி உயர ஜன்னலுக்கே 7 அடிக்கு மேல் சன்ஷேடு வேண்டியிருக்கும், அது நடக்காத காரியம். ஜாலிக் கல் வைத்துக் கட்டுங்கள். துளையின் உயரத்தைப் போல கல்லின் கனம் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். 4 அங்குலக் கல்லில் 4 அங்குலத் துளை இருந்தால் 45 பாகைக்குக் கீழே இறங்கிய வெயில் உள்ளே வந்துவிடும். துளை 2 அங்குலமாக இருந்தால் கோடையில் ஏறக்குறைய நாலரை மணி வரை தடுக்கும், காற்றும் வரும்.

இனி செடிக்கு வருகிறேன். இதற்கான பாடம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. புள்ளிக்கோலம் போடுகிறவர்கள் நேர்ப்புள்ளியா, ஊடுபுள்ளியா என்றுதான் முதலில் கேட்பார்கள். நேர்ப்புள்ளியில் புள்ளிக்கு நேர் கீழே புள்ளி. ஊடுபுள்ளியில் இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி. ஊடுபுள்ளியை ஒழுங்காக வைத்தால் பக்கத்துப் புள்ளிகள் மூன்று சேர்ந்து சமபக்க முக்கோணம் ஆகும். செடிக்குச் செடி ஓரடி வேண்டுமென்றால் வரிசைக்கு வரிசை ஓரடி தேவையில்லை, பத்தரை அங்குலம் போதும். ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றரை அங்குலம் மிச்சம். இதை வைத்துத்தான் முக்கோண நடவில் 15 சதவீதம் செடி கூடும் என்கிறார்கள்.

பெரிய தோட்டத்தில் அது சரி. நம் வீட்டு அளவில் ஓரம் கணக்கை மாற்றிவிடும், ஏனென்றால் ஊடு வரிசையில் எப்போதும் ஒரு செடி குறைகிறது. பத்தடிக்குப் பத்தடிப் பாத்தியில் ஓரத்தில் அரை அடி விட்டு நட்டால், நேர்ப்புள்ளியில் 100 செடி, ஊடுபுள்ளியில் 105. ஐந்துதான் லாபம். 3 அடி அகலம், 10 அடி நீளப் பாத்தியில் நேர்ப்புள்ளியில் 30, ஊடுபுள்ளியில் 29. அங்கே நஷ்டம்! ஆனால் வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே 2 அடி 9 அங்குலம் மட்டும் கிடைக்கிறது என்று வையுங்கள். நேர்ப்புள்ளியில் இரண்டு வரிசைதான் அடங்கும், 20 செடி. ஊடுபுள்ளியில் மூன்றாவது வரிசையும் அச்சாகப் பொருந்தி 29 செடி கிடைக்கும். மூன்றே அங்குல வித்தியாசத்தில் முடிவு தலைகீழாகிறது. ஆகவே நர்சரிக்குப் போவதற்கு முன்னால் தாளில் புள்ளி வைத்து எண்ணிப் பாருங்கள். இது வெண்டை, செண்டுமல்லி போன்றவற்றுக்கான இடைவெளி. கத்தரிக்கு 2 அடி வேண்டும். சந்துக்குள் குனிந்து கை எட்டும் தூரமும் 2 அடிதான். ஒரு பக்கமிருந்து மட்டும் எட்டும் பாத்தியை அதற்கு மேல் அகலமாக்கினால் பின்வரிசையில் களை எடுக்க முடியாது.

மொட்டை மாடியில் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பயத்தோடு போட வேண்டும். ஆள் ஏறிப் புழங்கும் கான்கிரீட் மாடிக்கு ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரவிதி சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன். நம் கணக்கில் சதுர அடிக்கு சுமார் 14 கிலோ. நனைந்த தோட்ட மண் ஒரு கன அடி 50 கிலோவுக்குக் கிட்ட வரும். ஓரடிக்கு ஓரடி, ஓரடி உயரத் தொட்டிகளை 2 அடி இடைவெளியில் நேர்ப்புள்ளியாக மாடி முழுக்க வைத்தால், ஒரு தொட்டிக்கு 4 சதுர அடி கிடைக்கும். சுமை சதுர அடிக்கு 12½ கிலோ. அதே இடைவெளியில் ஊடுபுள்ளியாக வைத்தால் தொட்டிக்கு மூன்றரைச் சதுர அடிக்கும் குறைவு, சுமை பதினாலைத் தாண்டிவிடும். ஆள் நடக்க மிச்சமே இல்லை. தரையில் லாபமான வடிவம் மாடியில் ஆபத்தாகிறது. எனவே மண்ணைக் குறைத்து, தேங்காய்நார்க் கழிவும் மக்கிய உரமும் கூட்டுங்கள். எடை பாதிக்குக் கிட்டக் குறையும். பெரிய தொட்டிகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ ஓடும் கோட்டின் மேல் வரிசையாக வையுங்கள். வீடு பழையது என்றால் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். மண்ணடி, ராயபுரத்துப் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் இருக்கும். மர உத்தரங்களின் மேல் சிறு செங்கல்லை நட்டுக்குத்தாக, மூலைவாக்கில் சுண்ணாம்பில் அடுக்கிய கூரை அது. மிக அழகான வடிவம். அதன் மேல் ஈரத் தொட்டி எதுவும் வேண்டாம். கசியும் தண்ணீர் உத்தரத்தின் முனையை மட்க வைத்துவிடும்.

கான்கிரீட் மாடிக்கும் தண்ணீர் வாட்டம் உயிர். 100க்கு ஒன்று என்று பிடித்தால் 20 அடிக்கு ஏறக்குறைய இரண்டரை அங்குலம் இறங்க வேண்டும். டியூப் லெவல் என்ற ஒளிபுகும் குழாயில் தண்ணீர் ஊற்றி, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் தட்டிவிட்டு, இரண்டு முனையிலும் மட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டி வரிசைகள் வாட்டத்தோடு ஓட வேண்டும். குறுக்கே வைத்தால் ஒவ்வொரு வரிசையும் ஓர் அணை. 600 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே 550 லிட்டருக்கு மேல் தண்ணீர் சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அது போக வழி வேண்டும். தொட்டிக்கு அடியில் மூன்று செங்கல் துண்டு வையுங்கள். நாலு வைத்தால் ஒன்று ஆடும், மூன்று எப்போதும் ஆடாமல் நிற்கும்.

மாதவரம், கொடுங்கையூர்ப் பக்கம் வீட்டுக்கு முன்னால் கொஞ்சம் மண் தரை இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. நீளவாக்கான வாசலில் வட்டப் பாத்தி போட்டால் இரண்டு ஓரமும் வீணாகும். செவ்வக இடத்துக்கு முட்டை வட்டம் நன்றாகப் பொருந்தும். 5 அடி நீளம், 3 அடி அகலம் வேண்டும் என்றால், நீளவாக்கு நடுக்கோட்டில் 4 அடி இடைவெளியில் இரண்டு முளைக்குச்சி அடியுங்கள். 9 அடிக் கயிற்றை முடிச்சுப் போட்டு வளையமாக்குங்கள், முடிச்சுக்கான நீளத்தைத் தனியாக விடுங்கள். வளையத்தை இரண்டு குச்சிக்கும் வெளியே மாட்டி, மூன்றாவது குச்சியால் விறைப்பாக இழுத்தபடி சுற்றி வாருங்கள். அகலம் சரியாக 3 அடி வரும். மூன்று, நாலு, ஐந்து இங்கேயும் வந்துவிட்டது பாருங்கள்.

கோடு போட்டவுடன் மண்வெட்டியை எடுக்க வேண்டாம். அதன் மேல் கோலமாவைத் தூவி இரண்டு நாள் அப்படியே விடுங்கள். குடம் தூக்கிப் போகிறவர், சைக்கிளை உள்ளே தள்ளுகிறவர், துணி காயப்போடப் போகிறவர் எல்லாரும் வழக்கம்போல நடக்கட்டும். எந்த இடத்தில் கால் பட்டு மாவு அழிகிறதோ, அந்தப் பக்கத்துக் கோட்டை ஒரு சாண் உள்ளே தள்ளிப் போட்டுவிட்டு, பிறகு கொத்த ஆரம்பியுங்கள். நன்றி, வணக்கம்.