சைக்கிள் பாதையைப் படம் எடுக்காதீர்கள், சந்திப்பில் நில்லுங்கள்

(திரையில்: செந்நிறத் தார் போட்ட அகலமான சைக்கிள் பாதை)

நெதர்லாந்துக்குப் போய்வந்த சாலைப் பொறியாளர் யாரையாவது பார்த்தால், எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் இந்தச் சிவப்புப் பாதைதான் இருக்கும். அழகுதான். ஆனால் நேராகப் போகிற பாதையை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். கற்றுக்கொள்ள வேண்டியது எல்லாம் அந்தப் பாதை இன்னொரு சாலையைச் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது.

நீங்கள் சாலை வடிவமைப்பவர் என்றால், வெளிநாட்டு நகராட்சிகளில் இதே வேலையைச் செய்பவர்களைச் சந்திக்கப் போகும்போது எங்கே நிற்பது, என்ன கேட்பது என்று இந்த வீடியோவில் பார்ப்போம்.

அதற்கு முன்னால் ஒரு பேச்சைத் தீர்த்துவிடலாம். "டச்சுக்காரர்கள் பிறவியிலேயே சைக்கிள் ஓட்டுபவர்கள், மற்றவர்களுக்கு அது சரிப்படாது" என்பார்கள். இல்லை. 1950, 60களில் அங்கேயும் கார் பெருகி, சைக்கிள் வேகமாகக் குறைந்தது. 1971இல் மட்டும் சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் அதிகமானோர் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற பெயரிலேயே பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது.

அரசு முதலில் டில்பர்க், தி ஹேக் என்ற இரண்டு நகரங்களில் மாதிரிப் பாதைகளைப் போட்டுப் பார்த்தது. தரத்தில் குறையே சொல்ல முடியாது. ஏற்கெனவே சைக்கிள் ஓட்டியவர்கள் அந்தப் பாதைக்கு மாறினார்கள். புதிதாக ஓட்ட வந்தவர்கள் சொற்பம். 1980களில் டெல்ஃப்ட் நகரம் வேறு வழியில் போனது. ஊர் முழுக்க விட்டுப்போன துண்டுகளை இணைத்து வலையாக்கியது. சைக்கிள் பயணம் கூடியது அங்கேதான். அதனால் நகராட்சி அலுவலகத்தில் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது பாதையின் குறுக்குவெட்டுப் படத்தை அல்ல, ஊர் முழுவதற்குமான வலை வரைபடத்தை.

(திரையில்: சந்திப்பின் மேலிருந்து எடுத்த காட்சி)

சரி, இப்போது சந்திப்புக்கு வருவோம். மூலையில் ஒரு சின்னக் கல் திட்டு தெரிகிறதா? திரும்புகிற காரைக் குறுகலான வளைவில் திரும்ப வைப்பது அதுதான். அதனால் வேகம் தானாகக் குறைகிறது. சைக்கிளுக்கான நிறுத்தக் கோடு காரின் கோட்டுக்கு முன்னால் இருப்பதால், காத்திருப்பவர் ஓட்டுநரின் கண்ணெதிரே நிற்கிறார். இன்னும் முக்கியமானது, சைக்கிள் பாதை சந்திப்பில் சற்று வெளிப்பக்கம் விலகிப் போவது. அந்த விலகல் சுமார் 5 மீட்டர், அதாவது ஒரு கார் நிற்கும் நீளம். திரும்பிய கார் அங்கே நேருக்கு நேர் பார்த்து நிற்கலாம். பின்னால் வரும் வண்டிகளும் ஹாரன் அடிக்க வேண்டியதில்லை.

அளவு நாடாவை எடுத்துப்போங்கள். அந்த 5 மீட்டரை 2 மீட்டராகக் குறைத்தால், வரைபடத்தில் எல்லாம் அப்படியேதான் தெரியும். சாலையில் காரின் பின்பாதி பிரதான சாலையிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். நகலெடுக்கிற ஊர்கள் சறுக்குவது இந்த மாதிரி இடங்களில்தான் என்பது என் கணிப்பு.

கிளைச்சாலை பிரியும் இடத்தையும் விடாதீர்கள். நடைபாதையும் சைக்கிள் பாதையும் அதே உயரத்தில், அதே நிறத்தில் தொடரும். கார்தான் ஏறி இறங்க வேண்டும். யாருக்கு முன்னுரிமை என்பதைப் பலகை இல்லாமலே தரை சொல்லிவிடும். அங்கே அரை மணி நேரம் நின்று, யார் பிரேக் பிடிக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

(ஒன்று மறக்க வேண்டாம்: அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும். இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்காரர்கள் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் படிக்க வேண்டும்.)

(திரையில்: க்ரோனிங்கன் நகர மையத்தின் வரைபடம், நான்கு நிறங்களில்)

இனி, கேமராவில் சிக்காத விஷயம். 1977இல் நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரம் தன் மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தது. காரில் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு நேராகப் போக முடியாது. வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் எல்லா வழியும் திறந்தே இருந்தது. கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். நகராட்சி பின்வாங்கவில்லை. அந்தத் தெருக்களில் பலவற்றுக்குத் தனி சைக்கிள் பாதையே தேவைப்படாமல் போனது, குறுக்கே புகுந்து போகிற கார்கள் இல்லாததால்.

நாற்பது வருடம் கழித்து, 2017 ஏப்ரலில், பெல்ஜியத்தின் கென்ட் நகரம் இதே யோசனையைத் தன் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டது. நடுவில் பாதசாரிகளுக்கான பகுதி, சுற்றிலும் ஆறு பகுதிகள். கென்ட் எடுத்துக்கொண்டது கார்கள் எந்த வழியில் போகலாம் என்ற முடிவை. அப்படிப்பட்ட முடிவை எப்படி எடுத்தார்கள், யார் எதிர்த்தார்கள், எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதை டீ குடிக்கும் நேரத்தில் கேட்டால்தான் சொல்வார்கள். கூட்ட அறையில் காட்டும் ஸ்லைடில் அது இருக்காது.

அப்புறம், பேருந்தில் ஏற்றிச் சுற்றிக்காட்டுகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சைக்கிள் வாடகைக்கு எடுங்கள். இங்கிலாந்து 2020இல் வெளியிட்ட சைக்கிள் வடிவமைப்பு வழிகாட்டி, வடிவமைப்பாளர்கள் எல்லோரும் சாலையைச் சைக்கிளில் அனுபவித்தாக வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. முடிந்தால் பள்ளி விடும் நேரத்தில் ஓட்டுங்கள். எட்டு வயதுப் பிள்ளை தனியாகப் போகிற பாதை எது, பெற்றோர் கூடவே வருகிற பாதை எது என்று அப்போது பிரித்துப் பார்க்கலாம்.

கடைசியாக, பராமரிப்புப் பிரிவில் ஒருவரைச் சந்திக்க நேரம் கேளுங்கள். யாரும் கேட்பதில்லை, அதனால் சந்தோஷமாகப் பேசுவார்கள். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பனி கொட்டினால் முக்கிய சைக்கிள் பாதைகளைச் சுத்தம் செய்வதற்கு முன்னுரிமை உண்டு. அதற்குத் தனியாகச் சிறிய வண்டிகள் ஓடுகின்றன. பனி இல்லாத ஊரிலும் மணல், சருகு, உடைந்த கண்ணாடி எல்லாம் சேரும். கூட்டும் வண்டியின் அகலம் என்ன, வளைவில் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும், தடுப்புக் கம்பங்களுக்கு நடுவே அது நுழையுமா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் முதல் கோடு போடுவதற்கு முன்பே அந்த எண்கள் கையில் இருக்க வேண்டும்.