கம்பைல் ஆகிறது, ஆனால் விண்டோ திறக்கவில்லை: எஸ்டிஎல்-ஐ சோர்ஸிலிருந்து கட்டுவது பற்றி ஒரு கேள்வி

வணக்கம். போன வீடியோவுக்கு வந்த கேள்விகளில் ஒன்றை இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். எஸ்டிஎல் என்ற லைப்ரரியைப் பற்றியது: விண்டோ திறக்க, சவுண்டு போட மற்ற புரோகிராம்கள் பயன்படுத்தும் ரெடிமேட் கோடு அது. அவர் எழுதியதை அப்படியே வாசிக்கிறேன். "எஸ்டிஎல் 2-ஐ லினக்ஸில் சோர்ஸிலிருந்து கம்பைல் செய்தேன். ஒரு எரர்கூட வரவில்லை, 100 சதவீதம் என்று காட்டி முடிந்தது. ஆனால் என் புரோகிராமை ஓட்டினால் 'நோ அவைலபிள் வீடியோ டிவைஸ்' என்கிறது. கிராபிக்ஸ் கார்டு பழுதா? இதையே விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் கொண்டுபோக வேண்டும். ஒரே தடவை கம்பைல் செய்து எல்லா இடத்திலும் பயன்படுத்த முடியாதா?"

கார்டுக்கு ஒன்றும் இல்லை, கவலைப்படாதீர்கள். லைப்ரரியும் உடைந்துபோகவில்லை. நீங்கள் கேட்காமலேயே, எக்ஸ்11-உம் வேலேண்டும், அதாவது லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் இரண்டு அமைப்புகளும், இல்லாத ஓர் எஸ்டிஎல்-ஐக் கட்டியிருக்கிறீர்கள். எப்படி என்று சொல்கிறேன்.

எஸ்டிஎல் என்பது 1998-இல் சாம் லாண்டிங்கா ஆரம்பித்த சி லைப்ரரி. விண்டோ திறப்பது, கீபோர்டு, மவுஸ், சவுண்டு, கிராபிக்ஸ் வரையும் ஓப்பன்ஜிஎல் அல்லது வல்கனுக்கு இடம் பிடித்துக் கொடுப்பது, இவைதான் அதன் வேலை. ஆனால் அது தானாக விண்டோ திறப்பதில்லை. லினக்ஸில் எக்ஸ்11-இடமோ வேலேண்டிடமோ கேட்கும், விண்டோஸில் வின்32-இடம், மேக்கில் கோக்கோவிடம். இவைதான் அந்தந்த சிஸ்டத்தில் விண்டோவைத் தரும் பகுதிகள். சோர்ஸைப் பிரித்து, எஸ்ஆர்சி ஃபோல்டருக்குள் வீடியோ என்ற ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். எக்ஸ்11, வேலேண்ட், விண்டோஸ், கோக்கோ, ஆண்ட்ராய்டு, எம்ஸ்கிரிப்டன் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு டிரைவர், அதாவது அந்தந்த சிஸ்டத்திடம் பேசும் கோடு. அதில் எது உங்கள் லைப்ரரிக்குள் போகப்போகிறது?

அதை முடிவு செய்வது கம்பைலர் இல்லை. அதற்கு முன்னால், எதை எப்படிக் கம்பைல் செய்வது என்று தயார் செய்ய நீங்கள் சிமேக் ஓட்டுகிறீர்களே, அந்த கான்ஃபிகர் கட்டத்திலேயே எல்லாம் முடிவாகிவிடுகிறது. சிமேக் போய் எக்ஸ்லிப் ஹெடர், அதாவது எக்ஸ்11-ஐக் கூப்பிடும் ஃபங்ஷன்களின் விவரம் உள்ள ஃபைல், இருக்கிறதா என்று தேடுகிறது. இருந்தால் எக்ஸ்11 டிரைவரைச் சேர்த்துக்கொள்ளும். இல்லையென்றால் சத்தமே போடாமல் அதை விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். வேலேண்டுக்கும் இதேதான். மீதி இருக்கிற கோடு எல்லாம் ஒழுங்காக கம்பைல் ஆகும், 100 சதவீதமும் வரும். அந்த 100 சதவீதம், மிச்சம் இருந்ததில் 100 சதவீதம்.

சரி, மிச்சம் என்ன இருந்தது? டம்மி என்று ஒரு டிரைவர். பெயருக்கு ஏற்றபடி எதையும் திரையில் காட்டாது. திரையே இல்லாத சர்வரில் டெஸ்ட் ஓட்டுவதற்காக வைத்திருக்கிறார்கள். அதையும் எஸ்டிஎல் தானாக எடுத்துக்கொள்ளாது, எஸ்டிஎல் வீடியோடிரைவர் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில், அதாவது புரோகிராம் ஓடும்போது படிக்கும் செட்டிங்கில், டம்மி என்று நீங்கள் எழுதினால்தான் எடுக்கும். ஆக, உள்ளே உருப்படியான டிரைவர் ஒன்றும் இல்லை, டம்மியை யாரும் கூப்பிடவில்லை. அதனால்தான் வீடியோ டிவைஸ் இல்லை என்று சொல்கிறது. அந்த மெசேஜை வாசிக்கிறவர் ஹார்டுவேரைத்தான் சந்தேகப்படுவார், உங்கள் மேல் தப்பில்லை.

இதில் பலர் சொல்வது, "என் டெஸ்க்டாப்பே எக்ஸ்11-இல்தானே ஓடிக்கொண்டிருக்கிறது, அது எப்படி இல்லை என்று சொல்லும்?" என்பது. ஓடுவதற்குத் தேவையான ஃபைல்கள் வேறு, கம்பைல் செய்வதற்குத் தேவையான ஹெடர்கள் வேறு. உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்புகள், அதாவது டிஸ்ட்ரோக்கள், இரண்டையும் தனித்தனி பேக்கேஜாகப் பிரித்து வைத்திருக்கின்றன. டெபியன், உபுண்டுவில் பெயரின் கடைசியில் டெவ் என்று இருக்கும், ஃபெடோராவில் டெவெல். நீங்கள் போட வேண்டியவை, எக்ஸ்11-க்கு லிப்எக்ஸ்11 டெவ், எக்ஸ்எக்ஸ்ட், எக்ஸ்கர்சர், எக்ஸ்ஐ, எக்ஸ்ரேண்டர் இவற்றின் டெவ் பேக்கேஜ்கள், வேலேண்டுக்கு லிப்வேலேண்ட் டெவ், லிப்எக்ஸ்கேபிகாமன் டெவ். சவுண்டுக்கும் இதே கதைதான். லினக்ஸில் சவுண்டைக் கையாளும் ஆல்சா, பல்ஸ்ஆடியோ இவற்றின் டெவ் பேக்கேஜ்கள் இல்லாவிட்டால், விண்டோ திறக்கும், சத்தம் வராது.

இப்போது முக்கியமான இடம். சிமேக் முடியும்போது ஒரு நீளமான பட்டியலைக் கக்கிவிட்டுப் போகும். யாரும் அதை வாசிப்பதில்லை, நானும் ரொம்ப நாள் வாசித்ததில்லை. அதில் எக்ஸ்11 என்ற பெயர் வரும் வரியைத் தேடுங்கள். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'வாண்டட், ஆன்' என்று இருக்கும், அதற்கு அப்புறம் ஒரு கோலன் போட்டு 'ஆஃப்' என்று இருக்கும். வேண்டும் என்று கேட்டோம், கிடைக்கவில்லை என்று அர்த்தம். உங்கள் பிரச்சினை மொத்தமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. கம்பைல் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே எழுதிக் காட்டிவிட்டது.

பேக்கேஜ்களைப் போட்ட பிறகு, தயவுசெய்து பழைய பில்ட் ஃபோல்டரை முழுக்க அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். சிமேக் தான் தேடிப் பார்த்ததன் விடையை சிமேக்கேஷ் என்ற டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை ஓட்டினால் அந்த ஃபைலைப் பார்த்து "ஏற்கெனவே தேடியாயிற்று, இல்லை" என்று சொல்லிவிடும். நான் ஒரு ராத்திரி பாதியை இதில் தொலைத்திருக்கிறேன். ஹெடர் கண்ணெதிரே இருக்கிறது, சிமேக் இல்லை என்கிறது, பேக்கேஜை அழித்து அழித்துப் போட்டேன். அழிக்க வேண்டியது பில்ட் ஃபோல்டரை என்று விடியும்போதுதான் தோன்றியது. சிமேக் 3.24-இலிருந்து ஃப்ரெஷ் என்று ஒரு ஆப்ஷனே கொடுத்திருக்கிறார்கள், கேஷைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கும்.

எஸ்டிஎல் 3-இல் இந்தத் தொல்லை குறைவு. எக்ஸ்11, வேலேண்ட் இரண்டுமே கிடைக்கவில்லை என்றால் கான்ஃபிகர் கட்டத்திலேயே எரர் போட்டு நின்றுவிடும். திரையே வேண்டாம் என்றால் அதற்கான ஆப்ஷனை நாமே கொடுத்தால்தான் மேலே போகும். நியாயமான மாற்றம் என்பது என் அபிப்பிராயம். முதல் பதிப்பிலிருந்தே இப்படி வைத்திருக்கலாம்.

இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். எஸ்டிஎல் கெட் நம் வீடியோ டிரைவர்ஸ், எஸ்டிஎல் கெட் வீடியோ டிரைவர் என்று இரண்டு ஃபங்ஷன்கள் இருக்கின்றன. ஒரு லூப் போட்டு பிரிண்ட் செய்தால், உள்ளே எந்தெந்த டிரைவர் போயிருக்கிறது என்று லைப்ரரியே சொல்லிவிடும். ஐந்து வரி புரோகிராம். எந்தத் தளத்துக்குக் கட்டினாலும் நான் முதலில் ஓட்டுவது இதைத்தான்.

சரி, இரண்டாவது கேள்வி. ஒரே தடவை கம்பைல் செய்தால் போதுமா? போதாது. பிராசஸர் வேறாக இருந்தால் இன்ஸ்ட்ரக்ஷன் வேறு. பிராசஸர் ஒன்றாகவே இருந்தாலும், லினக்ஸ் ஈஎல்எஃப் ஃபைலை எதிர்பார்க்கிறது, விண்டோஸ் பிஈ ஃபைலை, மேக் மாக்-ஓ ஃபைலை. எல்லாவற்றுக்கும் மேலே, நான் சொன்ன டிரைவர் விஷயம். வின்32-ஐக் கூப்பிடும் கோடு உங்கள் லினக்ஸ் லைப்ரரிக்குள் இல்லவே இல்லை. சோர்ஸ் ஒன்றுதான், பில்ட் தளத்துக்கு ஒன்று. அதனால் சோர்ஸ் ஃபோல்டரைத் தொடாமல் வைத்துக்கொண்டு, பில்ட் லினக்ஸ், பில்ட் வின், பில்ட் ஆண்ட்ராய்டு என்று பக்கத்தில் தனித்தனி ஃபோல்டர் போடுங்கள். கலந்துவிட்டால் அந்தக் கேஷ் ஃபைல் உங்களை ஒரு வழி பண்ணிவிடும்.

விண்டோஸுக்கு, விண்டோஸ் மெஷினில் விஷுவல் ஸ்டுடியோ போட்டு அங்கேயே கட்டலாம், அதில் சொல்ல ஒன்றுமில்லை. லினக்ஸில் உட்கார்ந்துகொண்டே கட்ட மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64 என்ற கிராஸ் கம்பைலர், அதாவது ஒரு சிஸ்டத்தில் ஓடிக்கொண்டு இன்னொன்றுக்குக் கட்டும் கம்பைலர், இருக்கிறது. இதற்கு டூல்செயின் ஃபைல் என்று ஒரு சின்ன ஃபைலை சிமேக்கிடம் கொடுக்க வேண்டும். போகவேண்டிய சிஸ்டம் விண்டோஸ், கம்பைலர் இது, லைப்ரரிகளையும் ஹெடர்களையும் இந்த ஃபோல்டருக்குள் மட்டும் தேடு, அவ்வளவுதான் அதில் இருக்கும். அந்த 'மட்டும்' முக்கியம். அதை எழுத மறந்தால், சிமேக் உங்கள் லினக்ஸ் ஹெடர்களைக் கண்டுபிடித்து சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்ளும். லைப்ரரிகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் என்ற டூலும் இதே வேலையைச் செய்யும், அதற்கும் தேடும் இடத்தை மாற்றிக் கொடுக்க வேண்டும். அப்புறம் கம்பைல் பாதியில், விண்டோஸுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஹெடரின் பெயரில் எரர் வரும். எரரைத் துரத்தாதீர்கள், கான்ஃபிகர் பட்டியலுக்குத் திரும்புங்கள். விண்டோஸ் பில்டில் லினக்ஸுக்கே உரிய ஏதாவது ஆன் என்று இருந்தால் ஊகித்துக்கொள்ளலாம்.

கட்டி முடித்து நண்பரிடம் கொடுக்கும்போது டிஎல்எல் ஃபைலை, அதாவது கட்டிய லைப்ரரியை, உங்கள் புரோகிராமின் இஎக்ஸ்இ-க்குப் பக்கத்திலேயே வைத்துக் கொடுங்கள். சைபர் எக்ஸ் சி, அப்புறம் நாலு சைபர், 07பி என்று ஒரு எரர் எண் வந்தால், பெரும்பாலும் 32 பிட், 64 பிட் இரண்டும் கலந்திருக்கிறது. லிங்க் செய்யும்போது, அதாவது உங்கள் கோடையும் லைப்ரரியையும் இணைக்கும்போது, விண்டோஸ் புரோகிராம் ஆரம்பிக்கும் ஃபங்ஷனான வின்மெயின் கிடைக்கவில்லை என்று வந்தால், எஸ்டிஎல் 2-இல் எஸ்டிஎல்2மெயின் என்ற குட்டி லைப்ரரியையும் சேர்க்க வேண்டும், எஸ்டிஎல்2-க்கு முன்னால். எஸ்டிஎல் 3-இல் அந்த லைப்ரரியே கிடையாது, மெயின் ஃபங்ஷன் இருக்கும் ஃபைலில் எஸ்டிஎல் மெயின் ஹெடரைச் சேர்த்தால் போதும்.

ஆண்ட்ராய்டு கொஞ்சம் வேறு. டூல்செயின் ஃபைலை நீங்கள் எழுத வேண்டாம், ஆண்ட்ராய்டுக்கு சி கோடைக் கட்ட கூகுள் கொடுக்கும் என்டிகே-க்குள்ளேயே இருக்கிறது. எந்த பிராசஸருக்கு என்பதை மட்டும் சொல்ல வேண்டும். 64 பிட் ஃபோன் பிராசஸர் வகையான ஆர்ம்64 வி8ஏ கண்டிப்பாக வேண்டும், 2019 ஆகஸ்டிலிருந்து பிளே ஸ்டோர் 64 பிட் இல்லாமல் ஏற்பதில்லை. எமுலேட்டருக்கு எக்ஸ்86-64-உம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி பில்ட், ஒரு தனி எஸ்ஓ ஃபைல், அதாவது கட்டிய லைப்ரரி. இன்னொன்று, 16 கேபி மெமரி பேஜ் விஷயம், அதாவது மெமரியை 16 கேபி துண்டுகளாகக் கையாளும் ஃபோன்களிலும் ஓட வேண்டும். ஆண்ட்ராய்டு 15-உம் அதற்கு மேலும் குறிவைக்கும் ஆப்களுக்கு 2025 நவம்பர் 1-இலிருந்து பிளே ஸ்டோர் இதைக் கேட்கிறது. என்டிகே 28-ஆவது பதிப்பில் தானாகவே அப்படிக் கட்டிவிடும், பழைய என்டிகே-யை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஆனால் ஆண்ட்ராய்டில் சி கோடு மட்டும் போதாது. ஆப்பை ஆரம்பித்து வைப்பது எஸ்டிஎல்ஆக்டிவிட்டி என்ற ஜாவா கிளாஸ். சோர்ஸிலேயே ஆண்ட்ராய்டு-புராஜெக்ட் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது, அதை காப்பி செய்து ஆரம்பியுங்கள். பிறகு எஸ்டிஎல்-ஐப் புதுப்பிக்கும்போது ஜாவா ஃபைல்களையும் சேர்த்துப் புதுப்பியுங்கள். சி ஒரு பதிப்பு, ஜாவா ஒரு பதிப்பு என்றால் இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாது.

மேக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். மேக்குக்கு மேக்கில்தான் கட்டுங்கள், லினக்ஸிலிருந்து முயற்சி செய்வது வீண் சிரமம். ஆர்ம்64, எக்ஸ்86-64 இரண்டையும் முதல் கான்ஃபிகரிலேயே கொடுத்தால் ஒரே ஃபைலில் இரண்டும் வந்துவிடும். ஓப்பன்ஜிஎல் அங்கே 4.1-ஓடு நின்றுவிட்டது, 2018-இல் மேக்ஓஎஸ்-இன் மொஜாவே பதிப்பு வந்தபோதே ஆப்பிள் அதைக் கைகழுவத் தொடங்கிவிட்டது. அதற்கு மேல் ஏதாவது நம்பியிருந்தால் லைப்ரரி கம்பைல் ஆகும், கிராபிக்ஸ் கார்டில் ஓடும் உங்கள் ஷேடர் கோடு ஆகாது.

ஒரு லினக்ஸில் கட்டியது இன்னொரு லினக்ஸில் ஓடும் என்றும் நம்பிவிடாதீர்கள். புது டிஸ்ட்ரோவில் கட்டினால், பழையதில், லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.34 இல்லை என்பதுபோல ஒரு வரி வந்து நிற்கும். பழையதில் கட்டியது புதியதில் ஓடும், தலைகீழாக நடக்காது. அதனால் வெளியே கொடுப்பதை ஒரு பழைய டிஸ்ட்ரோ கண்டெய்னருக்குள், அதாவது உங்கள் மெஷினுக்குள்ளேயே தனியாக ஓடும் ஒரு குட்டி லினக்ஸுக்குள், கட்டுவது வழக்கம். அந்தக் கண்டெய்னர் வெறுமையாகத்தான் வரும், டெவ் பேக்கேஜ் ஒன்றுகூட இருக்காது. மறுபடி முதல் கதைதான்.

உண்மையைச் சொன்னால், உங்களுக்குச் சோர்ஸிலிருந்து கட்ட வேண்டிய அவசியம் இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம். விண்டோஸுக்கும் மேக்குக்கும் எஸ்டிஎல் குழுவே கட்டிக் கொடுக்கிறது, லினக்ஸில் டிஸ்ட்ரோவிலேயே இருக்கிறது. லைப்ரரிக்குள் ஒரு பக்கைத் திருத்த வேண்டும், வேண்டாத பகுதிகளைக் கழற்ற வேண்டும் என்றால் சரி. கற்றுக்கொள்வதற்காக என்றாலும் சரி, தாராளமாகச் செய்யுங்கள்.

இப்போதைக்கு டெவ் பேக்கேஜ்களைப் போட்டு, பில்ட் ஃபோல்டரை அழித்து, சிமேக்கை மட்டும் ஓட்டுங்கள். கம்பைல் செய்ய வேண்டாம். எக்ஸ்11 வரியும் வேலேண்ட் வரியும் ஆன் என்று வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் அந்த இரண்டு வரியையும், உங்கள் டிஸ்ட்ரோ பெயரையும் கமென்டில் போடுங்கள், எந்த பேக்கேஜ் விட்டுப்போயிற்று என்று சொல்கிறேன்.