பதினோராம் குரோமோசோமில் ஓர் எழுத்து

நேயர்களுக்கு வணக்கம்.

மனித உடலில் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 இருக்கின்றன. அவற்றுள் ஒன்றே ஒன்றைப் பற்றி மட்டும் இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன். அறிவியலார் அதை 'ஹெச்.பி.பி.' என்று குறிக்கிறார்கள். பீட்டா குளோபின் மரபணு என்பது அதன் முழுப்பெயர். ஒரு மரபணுவில் ஓர் எழுத்து, அதாவது அதன் வரிசையில் உள்ள ஏ, டி, ஜி, சி என்ற வேதிக் குறிகளில் ஒன்று, மாறினால் அது மனிதரின் உடலில் எப்படி நோயாகிறது என்பதை அணு அணுவாக நாம் முதலில் கற்றுக்கொண்டது இதனிடமிருந்துதான். அரிவாள் அணுச் சோகை என்ற இரத்த நோயைத் தரும் அந்த மாற்றத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வாழும் குடும்பங்கள் நம் நீலகிரி மலையிலும் இருக்கின்றன.

நம் இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருகிற ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் வேலை, நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு போய் உடலின் மூலைமுடுக்குகளில் இறக்கிவிடுவது. ஒரே ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு சங்கிலிகளால் ஆனது: இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. ஆல்ஃபா சங்கிலிக்கான மரபணுக்கள் பதினாறாம் குரோமோசோமில் உள்ளன. பீட்டா சங்கிலியை உருவாக்கும் நம் மரபணு பதினோராம் குரோமோசோமில், சுமார் 1,600 எழுத்து நீளத்தில் அமைந்திருக்கிறது. அதைப் படித்து, இடையிலுள்ள வேண்டாத இரண்டு பகுதிகளை வெட்டி நீக்கி, மீதியை ஒட்டி, மூன்று மூன்று எழுத்தாக வாசித்து, புரதத்தின் கட்டுமான அலகுகளான அமினோ அமிலங்கள் 146-ஐ வரிசையாகக் கோத்தால் பீட்டா சங்கிலி கிடைக்கிறது.

அந்த 146-இல் ஆறாவது இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரும்பாலானோருக்கு இருப்பது குளூட்டாமிக் அமிலம். மரபணுவில் அதற்கான எழுத்துகள் ஜி-ஏ-ஜி. நடுவிலுள்ள 'ஏ' மாறி 'டி' ஆகிவிட்டால், அவ்விடத்தில் வேலின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்து அமர்கிறது. குளூட்டாமிக் அமிலம் எதிர்மின்னூட்டம் கொண்டது, நீரோடு ஒட்டி உறவாடுவது. வேலினோ நீரைக் கண்டால் விலகி ஒதுங்குவது. ஆக்சிஜனை ஏந்தியிருக்கும் வரை இந்த வேலினால் தொல்லை இல்லை. ஆக்சிஜனை இறக்கிவிட்ட பிறகு மூலக்கூறின் வடிவம் சற்று மாறுகிறது. அப்போது பக்கத்து மூலக்கூறின் பீட்டா சங்கிலியில் ஒரு சிறு குழி வெளிப்பட, நீருக்கு அஞ்சும் வேலின் அதற்குள் சென்று பொருந்திக்கொள்கிறது. இப்படி ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட மூலக்கூறுகள் நீண்ட இழைகளாகி, பதினான்கு இழைகள் முறுக்கிய கயிறாகி, வட்டமாய் மெத்தென்று இருந்த சிவப்பணுவை உள்ளிருந்தே நீட்டி வளைத்துவிடுகின்றன.

வளைந்த அந்த அணுவைக் கதிர் அறுக்கும் அரிவாளுக்கு ஒப்பிட்டுத்தான் அரிவாள் அணுச் சோகை என்று பெயரிட்டார்கள். தமிழில் 'அரிவாள்' என்ற சொல் காதில் விழுந்ததும் நோயாளியின் தாய்க்கு வேறு எதுவோ மனதில் எழுகிறது. ஆகவே அது அணுவின் வடிவத்தை மட்டுமே குறிக்கும் சொல் என்பதை மருத்துவர்கள் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து. வளைந்த அணுக்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்ளும்போது எலும்பிலும் மார்பிலும் வயிற்றிலும் தாங்கவொண்ணாத வலி வருகிறது. சாதாரணச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். இவை பத்து இருபது நாளில் சிதைந்துவிடுவதால் சோகையும் தொடர்கிறது.

1910-ஆம் ஆண்டில் சிகாகோவின் மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் இந்த அணுக்களை முதன்முதலில் விவரித்து எழுதினார். 1949-இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங்கும் அவருடைய சகாக்களும், நோயாளியின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு விதமாக நகர்கிறது என்று காட்டி, இதை 'மூலக்கூறு நோய்' என்று அழைத்தார்கள். ஆனால் வேறுபாடு எந்த இடத்தில் என்பது தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்த வெர்னன் இங்கிராமின் சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. கேம்பிரிட்ஜில் அவர், ஹீமோகுளோபினை டிரிப்சின் என்ற நொதியால் சிறு துண்டுகளாக நறுக்கி, ஈரத்தாளில் வைத்து, ஒரு திசையில் மின்சாரத்தாலும் அதற்குக் குறுக்குத் திசையில் கரைப்பானாலும் நகர்த்தினார். தாளில் முப்பது போல் புள்ளிகள் தோன்றின. இயல்பான புரதத்தையும் நோயாளியின் புரதத்தையும் ஒப்பிட்டபோது, எல்லாப் புள்ளிகளும் அதனதன் இடத்தில் இருக்க, ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. அந்த ஒரு புள்ளியைப் பிரித்துப் படித்து, மாறியிருப்பது ஒரே ஓர் அமினோ அமிலம் என்று 1957-இல் அவர் அறிவித்தார்.

நீலகிரிக்கு வருவோம். 1952-இல் ஆய்வாளர்கள் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் அங்குள்ள பழங்குடி மக்களின் இரத்தத்தைச் சோதித்து, இந்த மாற்றம் தென்னிந்தியாவிலும் உண்டு என்று மருத்துவ உலகுக்குத் தெரிவித்தார்கள். துன்பம் தரும் ஒரு மாற்றம் தலைமுறைகளைக் கடந்து ஏன் நிலைத்தது என்ற கேள்விக்கு, 1954-இல் ஆய்வாளர் அந்தோணி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து விடை தந்தார். இம்மரபணுவின் இரண்டு பிரதிகளில், தாய் வழியிலோ தந்தை வழியிலோ வந்த ஒன்றில் மட்டும் மாற்றத்தைப் பெற்றவர்களைக் கடுமையான மலேரியா எளிதில் கொல்வதில்லை. மலேரியா சூழ்ந்த காடுகளில் அந்த எழுத்து எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது. அத்தகைய ஒற்றைப் பிரதியாளர்கள் நோயாளிகள் அல்லர். அவர்களை அப்படி அழைப்பதும், அதைக் காட்டித் திருமணப் பேச்சில் ஒதுக்குவதும் தவறு. தாய் தந்தை இருவருமே ஒற்றைப் பிரதியாளர்களாக இருந்தால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அதை அவர்கள் முன்கூட்டி அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இரத்தப் பரிசோதனை.

இப்போது இந்த மரபணுவின் அண்டை வீடுகளைப் பார்க்க வேண்டும். பதினோராம் குரோமோசோமில் பீட்டா தனியாக இல்லை. எப்சிலான், இரண்டு காமா, டெல்டா, பீட்டா என்று ஐந்து மரபணுக்கள் வரிசையாக நிற்கின்றன. கருவின் தொடக்க வாரங்களில் எப்சிலான், பிறகு பிறக்கும் வரை காமா, பிறந்த பின் பீட்டா என, வரிசையில் நிற்கும் ஒழுங்கிலேயே அவை வாழ்நாளில் பணிக்கு வருகின்றன. காமா சங்கிலி கொண்ட கரு ஹீமோகுளோபின் அந்தக் கயிற்றில் சேர்வதில்லை. மற்ற மூலக்கூறுகளைச் சேர விடாமல் தடுக்கவும் செய்கிறது. நோயுள்ள குழந்தை பிறந்து சில மாதங்கள் நலமாக இருப்பது இதனால்தான் என்று மருத்துவர் ஜேனட் வாட்சன் 1948-இலேயே ஊகித்தார். ஹைட்ராக்சியூரியா மாத்திரை, உறங்கிவிட்ட காமாவை ஓரளவு எழுப்பி வலியைக் குறைக்கிறது. 2023-இன் இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த மரபணுத் திருத்தச் சிகிச்சையும் பீட்டாவின் எழுத்தைத் திருத்துவதில்லை. காமாவை உறங்க வைக்கும் வேறொரு மரபணுவின் பிடியைத் தளர்த்துகிறது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். அந்த அறிவியலை நான் மனமார வியக்கிறேன். ஆனாலும் மலைக் கிராமத்துத் துணைச் சுகாதார நிலையத்தில் ஹைட்ராக்சியூரியா மாதந்தவறாமல் கிடைப்பதுதான் இன்று அதிக உயிர்களுக்குத் துணை நிற்கும் என்று கருதுகிறேன்.

2023 ஜூலை 1 அன்று அரிவாள் அணுச் சோகையை ஒழிக்க இந்திய அரசு தொடங்கிய தேசிய இயக்கம், பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. அதில் பச்சிளங்குழந்தைகளைப் பற்றித் தனியே ஒன்று சொல்ல வேண்டும். பெரியவர்களுக்குச் செய்யும் எளிய கரைதிறன் சோதனை (ஹீமோகுளோபின் கரைகிறதா என்று பார்ப்பது) அவர்களுக்குப் பயன்படாது. கரு ஹீமோகுளோபின் இன்னும் நிறைந்திருப்பதால் முடிவு தவறாகிவிடும். குதிகாலில் குத்தி எடுத்த சில சொட்டு இரத்தத்தை ஆய்வகத்துக்கு அனுப்பி, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நோய் உறுதியானால் இரண்டாம் மூன்றாம் மாதத்திலேயே பெனிசிலின் தொடங்குகிறார்கள். இந்நோயால் மண்ணீரல் பழுதாகும் வயதில் நிமோகாக்கஸ் கிருமி இக்குழந்தைகளை மிக விரைவாகக் கொன்றுவிடக்கூடும் என்பதால் குறைந்தது ஐந்து வயது வரை அது தொடர வேண்டும். காமா இன்னும் விழித்திருக்கும் அந்தச் சில மாதங்களுக்குள் முடிவு தாயின் கைக்கு வந்து சேர்ந்துவிட்டால், முதல் காய்ச்சல் வருவதற்கு முன்பே மருந்து வீட்டில் இருக்கும்.

நன்றி, வணக்கம்.