திண்ணைக்கும் முருங்கை மரத்துக்கும் இடையே

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் கும்பகோணத்துப் பெரியோர்களே, வணக்கம். பல்கலைக்கழகத்தில் சமூகவியலோடு நாடகத்தையும் சேர்த்துப் படிப்பது மாணவருக்குப் பலமே என்று வாதாட வந்திருக்கிறேன். அது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்றார் எதிரணி நண்பர். சேற்றில் இறங்காதவனுக்கு ஆற்றுத் தண்ணீரால் என்ன பயன் என்று நடவு நட்ட நம் மக்களைக் கேட்டுப் பாருங்கள்.

நம் ஆதனூர் நந்தனார் கதையையே எடுத்துக்கொள்கிறேன். பெரியபுராணத்தில் அவரைத் தடுக்கும் பண்ணையார் எவரும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையாகப் பாடியபோதுதான், 40 வேலி நிலத்தில் வேலையை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்று ஆணையிடும் வேதியர் கதைக்குள் வருகிறார். நாடகம் மட்டும் படித்தவர், கதைக்கு மோதல் தேவைப்பட்டது என்பார். சமூகவியல் மட்டும் படித்தவர் பண்ணையாள் முறையை எழுதுவார். பாரதியார் பக்கம் திரும்பமாட்டார். நிலமும் ஆளும் மிராசுதார் கைக்குள் இருந்த இந்த மாவட்டத்தில், அந்த வேதியரின் குரலைக் கேட்டவர்கள் தங்கள் ஊர்ப் பண்ணையையே நினைத்திருப்பார்கள் என்பது இரண்டையும் படித்தவருக்கே புலப்படும். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது என்பதை இங்கே நினைவூட்டுகிறேன்.

வேலை கிடைக்குமா என்ற நியாயமான கேள்விக்கு என் அணியில் அடுத்து வருபவர் விடை சொல்வார்.

கள ஆய்வு ஒன்றே போதும் என்றார்கள். ஆந்த்ரே பெத்தேய் என்னும் பேரறிஞர், 1961-62இல் தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றில் தங்கி, அதற்கு ஸ்ரீபுரம் என்று மாற்றுப்பெயர் சூட்டி ஆராய்ந்தார். அக்கிரகாரத்தில் குடியிருந்ததால் ஆதிதிராவிடர் தெருவோடு நெருங்கிப் பழக இயலவில்லை என்பதை அவரே நேர்மையாகப் பதிவு செய்திருக்கிறார். அவ்வளவு பெரியவருக்கே அந்த இடைவெளி இருந்ததென்றால், வினாநிரலோடு போகும் மாணவன் எம்மாத்திரம்?

நான் இரண்டையும் படித்தவன். எங்கள் ஒத்திகையில் வேதியர் திண்ணையில் உட்கார்ந்தார். நந்தனாக நடித்த எனக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. தீண்டாமை என்று பாடநூல் சொல்கிறது. எவ்வளவு தூரம் என்று சொல்லவில்லை. பண்ணையில் வேலை பார்த்த ஒரு பாட்டியிடம் போய்க் கேட்டேன். அவர் பதில் பேசாமல் எழுந்து, வாசலைக் கடந்து, வேலியோரத்து முருங்கை மரம் வரை நடந்து, முந்தானையை இடுப்பில் செருகி, தலையைக் கவிழ்த்து நின்றார். "இங்கேருந்துதான் தம்பி கூலி கேக்கணும்" என்றார். திண்ணையிலிருந்து 12 தப்படி.

முந்தைய ஆண்டு களப்பணிக்காக அதே பாட்டியிடம் போய், பாகுபாடு இருந்ததா என்று கேட்டிருந்தேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி" என்றார். இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு எழுந்து வந்தவனும் நான்தான்.