சின்ன நெத் ஆற்றுப் பாலம்

நேயர்களுக்கு வணக்கம்.

வேல்ஸின் தெற்கே, நெத் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் பொன்ட்நெத்வெகன் என்று ஒரு சிற்றூர். வாயில் நுழையாத பெயர் என்றுதான் முதலில் தோன்றும். பிரித்துப் பார்த்தால் அந்தப் பயம் போய்விடும். 'பொன்ட்' என்றால் பாலம். 'நெத்' ஆற்றின் பெயர். 'வெகன்' என்றால் சின்ன. சின்ன நெத் ஆற்றுப் பாலம், அவ்வளவுதான். அந்தச் சின்ன நெத்தும் மெல்ட்டே ஆறும் கூடி நெத் ஆறாக மாறுவது இந்த ஊரில்தான்.

வேல்ஸில் நடக்கப் போகிறவர்கள் இப்படி நாலைந்து சொற்களையாவது தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பது என் ஆசை. அங்கே வழி சொல்வது பெயர்கள்தாம். 'கும்' பள்ளத்தாக்கு. 'ஸ்கூட்' அருவி. ஊரிலிருந்து சின்ன நெத்தின் கரையோடு மரநிழலில் நடந்தால் ஸ்கூட் குலாடிஸ் வரும். குலாடிஸ் ஒரு பெண்ணின் பெயர். இயற்கைத் தேர்வை டார்வினைப் போலவே தனியாகக் கண்டறிந்தாரே ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், அவர் 1840களில் நெத் நகரில் நில அளவையாளராக இருந்தபோது சுற்றித் திரிந்த இடங்கள் இவை.

என் மனம் தங்கிவிட்ட இடம் ஸ்கூட் அர் எய்ரா. 'எய்ரா' என்றால் பனி, பனியருவி. செங்குத்தான படிகளில் இறங்கினால் ஹெப்ஸ்டே ஆறு திரை போல விழுகிறது. பாதை அந்தத் திரைக்குப் பின்னால் போகிறது! மேலே கெட்டியான மணற்பாறை, அடியில் மென்மையான களிப்பாறை. அடிப்பாறை அரிக்க அரிக்க, மேற்பாறை தாழ்வாரம் போல நீட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே போனால் பேச்சு கேட்காது. முதுகுக்குப் பின்னால் ஈரப் பாறை. முகத்துக்கு நேரே வெள்ளை நீர், அதற்கப்பால் கலங்கிய பச்சையாகக் காடு. இந்த வழியாக விவசாயிகள் ஆடுகளை ஓட்டிப் போனதாகச் சொல்வார்கள். நனைந்த ஆட்டுமந்தையை நினைத்துக்கொண்டே நான் வெளியே வந்தேன். பாறை வழுக்கும், நல்ல பிடிப்புள்ள காலணி கட்டாயம்.

அப்புறம், மெல்ட்டே கரை. 'மெல்ட்' என்றால் மின்னல். இந்த மின்னல் ஆற்றங்கரையில் 1857 முதல் 1931 வரை வெடிமருந்து ஆலை ஒன்று நடந்தது. சுரங்கங்களுக்கும் கல் குவாரிகளுக்கும் கருமருந்து இங்கிருந்து போனது. ஆற்று நீரே எந்திரங்களைச் சுழற்றியது. ஒன்று வெடித்தால் அடுத்தது தப்பட்டும் என்றுதான் கட்டடங்களைத் தள்ளித் தள்ளிக் கட்டினார்கள். இத்தகைய ஆலைகளில் ஆணி அடித்த செருப்புக்குக்கூட அனுமதி கிடையாது. ஒரு பொறி போதும்.

பக்கத்திலேயே தினாஸ் பாறை. 'தினாஸ்' பழைய பொருளில் கோட்டை. இங்கே வெட்டிய சிலிக்காவில் செய்த, உலைச் சூட்டைத் தாங்கும் செங்கல் உலகெங்கும் போனது. ரஷ்ய மொழியில் அந்த வகைச் செங்கல்லுக்கு இன்றும் 'தினாஸ்' என்றே பெயர்.

2023இல், இந்த அருவிகளெல்லாம் அடங்கிய தேசியப் பூங்காவே 'பிரெக்கன் பீக்கன்ஸ்' என்ற ஆங்கிலப் பெயரை ஒதுக்கிவிட்டு, 'பன்னாய் பிரகைனியோக்' என்ற வேல்ஷ் பெயரையே முதன்மையாக வழங்கத் தொடங்கியது. எனக்கு அது மிகுந்த மகிழ்ச்சி. ஆலைச் சுவர்கள் இன்று கூரையின்றி, பாசி போர்த்தி, மரங்களுக்கு நடுவே நிற்கின்றன. தள்ளித் தள்ளி, அன்று கட்டிய அதே இடைவெளியில்.