காதில் சொன்னால் கரு கேட்குமா?

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். பாராட்டெல்லாம் அப்புறம், இருப்பது ஐந்தே நிமிஷம். கருக்கலைப்பு என்று வந்தால் யூத சமயச் சட்டம் முதலில் பார்ப்பது தாயையா, கருவையா? நான் தாய் அணி.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ஒரு போடு போட்டார். “40 நாள் வரை கரு வெறும் தண்ணீராம், யூதர்களின் பழைய சட்ட நூலான தால்முத் சொல்கிறதாம், இவர்கள் குழாயைத் திறந்துவிடுகிற கூட்டம்” என்றார். நானும் கைதட்டினேன். ஆனால் அண்ணே, அந்தத் தண்ணீர் எந்த இடத்தில் வருகிறது தெரியுமா? குருமார் வீட்டுப் பெண் ஒருத்தி, வேறு குலத்துக் கணவன் இறந்துபோய்ப் பிறந்த வீடு வருகிறாள். வயிற்றில் அவன் கரு இருக்கலாம் என்ற நிலையில், குருமாருக்கென்று ஒதுக்கிய உணவை அவள் சாப்பிடலாமா என்ற கேள்வியில் வருகிறது. அது சோற்றுப் பிரச்சினை! அதை வைத்து நான் வாதாடவே இல்லை.

சோறு என்றதும் தால்முத்தில் இன்னொரு கதை ஞாபகம் வருகிறது. யோம் கிப்பூர், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாத நோன்பு. ஒரு கர்ப்பிணிக்குச் சாப்பாட்டு வாசனை அடித்துவிட்டது, தவிக்கிறாள். ரப்பி, அதாவது யூத மதகுரு, யெஹுதாவிடம் ஓடினார்கள். “இன்று யோம் கிப்பூர் என்று அவள் காதோடு சொல்லிப் பாருங்கள்” என்றார். சொன்னார்கள். உள்ளே இருந்தது அடங்கிவிட்டது! பிறந்தவர் பெரிய ஞானி, ரப்பி யோகனான். இன்னொருத்திக்காக ரப்பி ஹனினாவிடம் போனார்கள். காதில் சொன்னார்கள். ம்ஹூம். பிறந்தவன் ஷப்தாய், தானியம் பதுக்கும் வியாபாரி. வயிற்றிலேயே தொழிலை ஆரம்பித்துவிட்டான்!

என் மனைவி மசக்கையில் ராத்திரி இரண்டு மணிக்குப் புளியோதரை கேட்டாள். நானும் காதோடு போய், “மணி இரண்டு” என்றேன். கிடைத்த பதிலை மேடையில் சொல்ல முடியாது.

அண்ணன் இப்போது குதிப்பார், கருவுக்குக் காது இருக்கிறதே என்று. இருக்கட்டும். கேட்காவிட்டால் என்ன சட்டம்? தாய்க்கு உயிர் திரும்பும்வரை ஊட்டு, நோன்பாவது ஒன்றாவது! இதைச் சொல்வது மிஷ்னா, தால்முத்துக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு. அதே மிஷ்னாதான், பிரசவம் சிக்கித் தாய் சாகக் கிடந்தால் உள்ளே இருப்பதை வெட்டியாவது எடு, அவள் உயிர் முந்தியது என்கிறது. பெரும்பகுதி வெளியே வந்துவிட்டால் கை வைக்காதே என்பதும் அங்கேயே இருக்கிறது, மறைக்கவில்லை. சென்ற நூற்றாண்டு அமெரிக்க ரப்பி ஃபைன்ஸ்டைன் கடுமையானவர் என்றார் அண்ணன். உண்மை, குழந்தைப் பருவத்திலேயே உயிரைப் பறிக்கும் பரம்பரை நோயான டே-சாக்ஸ் கண்ட கருவைக்கூடக் கலைக்காதே என்றவர்; எருசலேமில் ரப்பி வால்டன்பெர்க் அதே நோய்க்கு ஏழாம் மாதம் வரை கலைக்க விட்டுக்கொடுத்தார். ஆனால் தாய் உயிர் போகும் என்றால் இருவரும் என் அணி.

மணியில் கை வைக்காதீர்கள் நடுவரே, ஒரு நிமிஷம். 1942, லித்துவேனியாவின் கோவ்னோ கெட்டோ, யூதர்களை நாஜிகள் அடைத்துவைத்த பகுதி. கர்ப்பமாகத் தெரிகிற யூதப் பெண் எவளும் கொல்லப்படுவாள் என்று ஜெர்மானியர் உத்தரவு. கலைக்கலாமா என்ற கேள்வி ரப்பி எஃப்ராயிம் ஓஷ்ரியிடம் வந்தது. விட்டால் இரண்டு உயிரும் போகும். அனுமதித்தார். இப்படி வந்த கேள்விகளையெல்லாம் துண்டுக் காகிதங்களில் எழுதித் தகர டப்பாவில் புதைத்துவைத்தார், போர் முடிந்து தோண்டி எடுத்தார்.

வாசனைக்குத் தவித்தவளைச் சொல்லி இவ்வளவு நேரம் சிரித்தோம். அந்த கெட்டோவில் ஒருத்தி, அனுமதி கிடைத்த அன்று ராத்திரி, தன் வயிற்றைத் தொட்டுக்கொண்டு அதன் காதில் என்ன சொல்லியிருப்பாள்?

மணியை அடித்துவிடுங்கள்.