பிடித்துக் காட்டில் விட்ட யானை ஏன் திரும்பி வருகிறது?

[திரையில்: பனி மூடிய தேயிலைத் தோட்டம். சரிவில் ஒற்றை யானை.]

வணக்கம். யானை பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒன்றைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. "ஊருக்குள் வரும் யானையைப் பிடித்து, லாரியில் ஏற்றி, நடுக்காட்டில் விட்டால் தீர்ந்தது. அதை ஏன் செய்ய மாட்டேன் என்கிறார்கள்?"

செய்திருக்கிறார்கள். என்ன ஆனது என்று பார்ப்போம்.

[திரையில்: கோவை, டாப்சிலிப், உடுமலை காட்டும் வரைபடம்]

சின்னத்தம்பியை நினைவிருக்கிறதா? கோவை தடாகம் பக்கம் தோட்டங்களுக்குள் வந்துகொண்டிருந்த ஆண் யானை. 2019 ஜனவரியில் மயக்க ஊசி போட்டு, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, டாப்சிலிப் அருகே வரகளியாற்றில் விட்டார்கள். நல்ல காடு, தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் சில நாட்களிலேயே அது காட்டை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தது. நடந்தது தடாகத்துக்கு இல்லை. உடுமலை பக்கம் போய், சர்க்கரை ஆலையைச் சுற்றியிருந்த கரும்புக் காட்டுக்குள் புகுந்துகொண்டது. பிப்ரவரி 15 அன்று மறுபடி பிடித்தார்கள். இப்போது அது கும்கி.

அடுத்தது அரிக்கொம்பன். மலையாளத்தில் 'அரி' என்றால் அரிசி. இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் அரிசிக்காகக் கடைகளை உடைத்தே பெயர் வாங்கிய யானை. 2023 ஏப்ரல் 29 அன்று பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, மே 27 அன்று தேனி மாவட்டம் கம்பத்தில் தெருவுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனது.

இது ஏதோ இரண்டு முரட்டு யானைகளின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். இலங்கையில் இப்படி இடம் மாற்றப்பட்ட 12 ஆண் யானைகளுக்கு ஜிபிஎஸ் காலர் மாட்டிப் பின்தொடர்ந்தார்கள். அந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. சில யானைகள் பிடித்த இடத்துக்கே திரும்பின. சில எங்கும் நிற்காமல் அலைந்தன. சில புதிய இடத்திலேயே தங்கின, ஆனால் அங்கேயும் வயலுக்குள் போவதை விடவில்லை. ஆக, நாம் மாற்றியது யானையின் முகவரியைத்தான், பழக்கத்தை அல்ல.

ஏன்? யானைக்குக் காடு என்றால் வெறும் மரக்கூட்டம் இல்லை. எந்த ஓடை கோடையிலும் வற்றாது, எந்தச் சரிவில் எப்போது மூங்கில் துளிர்க்கும், எந்தப் பக்கம் பெரிய கொம்பன் நடமாட்டம் என்பதெல்லாம் பல வருடம் நடந்து நடந்து சேர்த்த அறிவு. புதுக்காட்டில் விட்ட நிமிடம் அத்தனையும் உதவாமல் போகிறது. கரும்புக்கும் நெல்லுக்கும் மட்டும் எந்த ஊரிலும் ஒரே வாசம்.

[திரையில்: ரேஷன் கடை, பெயர்ந்த ஜன்னல்]

"அது ஏன் எப்போதும் ஒற்றை ஆண் யானையே வருகிறது?" கூட்டமும் வரும், ஆனால் குறைவு. குட்டியை வைத்துக்கொண்டு பெண் யானைகள் பட்டாசுக்கும் டார்ச்சுக்கும் நடுவே வரத் தயங்கும். ஆண் யானை பதின்ம வயதில் தாயின் கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு உடம்பைப் பெருக்கினால்தான் மற்ற ஆண்களோடு மோதவும் முடியும், பெண் யானையிடம் நெருங்கவும் முடியும். நாள் முழுக்கப் புல் மேய்ந்து கிடைக்கும் சத்து, ஒரு நெல் வயலில் சீக்கிரமே கிடைத்துவிடும். அந்த லாபத்துக்காக ஆபத்தை ஏற்கிறது. பத்திரிகைகள் எழுதும் 'ஒற்றை யானை அட்டகாசம்' என்ற தலைப்பு எனக்குப் பிடிப்பதில்லை. அது அட்டகாசம் இல்லை, கணக்கு.

"பூட்டிய கடைக்குள் அரிசி இருப்பது எப்படித் தெரிகிறது?" மூக்குதான். தாய்லாந்தில் ஒரு சோதனை செய்தார்கள், 2019இல் வெளியானது. இரண்டு வாளிகளில் சூரியகாந்தி விதை, ஒன்றில் கூட, ஒன்றில் குறைய. துளை போட்ட மூடி, உள்ளே பார்க்க முடியாது. மோப்பத்தை மட்டும் வைத்தே யானைகள் பெரும்பாலும் அதிகம் இருந்த வாளியைத் தேர்ந்தெடுத்தன. இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமல்ல, எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரிகிறது! இந்த மூக்குக்கு ரேஷன் கடைக் கதவெல்லாம் ஒரு மறைப்பா?

சரி, வேகமாக இரண்டு கேள்விகள்.

"மதம் பிடிப்பது பைத்தியமா?" இல்லை. வளர்ந்த ஆண் யானைகளுக்கு வரும் இனப்பெருக்கக் காலம் அது. ஆண் ஹார்மோன் எகிறும், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் வழியும், சில வாரம் முதல் சில மாதம் வரை நீடிக்கும், பிறகு அடங்கும். வண்டு மொய்க்கும் மதநீரைச் சங்கப் புலவர்கள் பாடி வைத்திருக்கிறார்கள். நாம்தான் அதை நோயாக்கிவிட்டோம்.

"துரத்தினால் பள்ளத்தில் இறங்கி ஓடலாமா?" யானை மணிக்கு 25 கிலோமீட்டர் வரை ஓடும், பள்ளத்திலும் இறங்கும். ஓடி ஜெயிப்பதை மறந்துவிடுங்கள். தூரத்தில் பார்த்தவுடனே விலகிவிடுங்கள்.

[திரையில்: யானையின் பாதம், மிக அருகில்]

கடைசிக் கேள்வி வால்பாறையில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா அனுப்பியது. எனக்கு மிகவும் பிடித்தது. "இவ்வளவு பெரிய உருவம், பக்கத்தில் வந்து நிற்கும்வரை சத்தமே கேட்கவில்லையே, தம்பி?"

யானை விரல்களின் மேல் நிற்கும் விலங்கு. குதிகாலுக்குக் கீழே கொழுப்பும் நாரும் சேர்ந்த தடித்த மெத்தை இருக்கிறது. காலை ஊன்றும்போது அது விரிந்து எடையைப் பரப்பிவிடும். சருகு மேல் நடந்தாலும் அடங்கிய சத்தம்தான். இதோடு வால்பாறைப் பனியும், மாலை ஆறு மணி இருட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்த அக்காவுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அங்கே நடந்த சாவுகளில் பல இப்படித்தான்: யானை அங்கே நிற்பதே தெரியாமல் எதிரே போனவர்கள்.

அதனால் அங்கே வேலை செய்யும் ஆய்வாளர்கள் யானையைத் துரத்துவதில் இறங்காமல், தகவலைக் கையில் எடுத்தார்கள். இன்று சாயங்காலம் யானை எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று உள்ளூர் கேபிள் டிவியில் ஓடவிட்டார்கள். செல்போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். கண்ணில் படும் உயரத்தில் சிவப்பு விளக்குகள் வைத்தார்கள். அவற்றைச் செல்போனிலிருந்தே எரியவிடலாம், எரியவிடுவதும் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள்தான். விளக்கு எரிந்தால் யானை பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பஸ்ஸை விட்டு இறங்கியவர், விளக்கைப் பார்த்துவிட்டு நாலு பேர் சேரும்வரை கடையடியில் நிற்பார். யானை தன் வழியில் ஆற்றோரக் காட்டுக்குள் போய்விடும்.

அக்கா, உங்கள் லைன் வீட்டிலிருந்து அந்த விளக்கு தெரிகிறதா? கீழே எழுதுங்கள். சிறுத்தை பற்றி வந்த கேள்விகள் அடுத்த வாரம்.